அம்மாவின் படுக்கைக்குக் கரண்ட் கம்பளி வாங்கலாமா?

நீலகிரியில் கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதைச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 43 வயது, ஆசிரியை. அவருடைய அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை நோய் வந்து 16 வருடம் ஆகிறது. ராத்திரி தொடையில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. மார்கழி, தை மாதங்களில் "கால் பனிக்கட்டி மாதிரி இருக்கிறது" என்று தூங்காமல் புரள்கிறார். சித்திரையில்கூட ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழன்று போனாலும் அவருக்குத் தெரிவதில்லை. போன வருடம் வெந்நீர்ப் பையை வைத்துத் தூங்கிய காலில் ஒரு கொப்புளம் வந்து, ஆற ஒரு மாதம் பிடித்தது. ஏதோ பூச்சிக்கடி என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இப்போது ராத்திரியில் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கனிய வைத்து, அறைக்குள் கொண்டுபோய், ஜன்னல் இடுக்கில் துணி அடைத்துப் படுக்கிறார்கள். பாட்டியோடு 4 வயதுப் பேரனும் படுக்கிறான். காலையில் பாட்டிக்குத் தலைவலி. சில நாள் பையனும் எழுந்ததும் வாந்தி எடுக்கிறான். பனி தலையில் இறங்கியதால் என்று நினைத்து, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் பார்த்திருக்கிறார்கள். 98 காட்டியதும் நிம்மதியாகிவிட்டார்கள்.

எலக்ட்ரிக் பிளாங்கெட் வாங்கலாம் என்பது வாசகியின் எண்ணம். அமெரிக்காவில் இருக்கும் தம்பி, அடுத்த மாதம் வரும்போது நல்லதாக ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். கணவருக்கு ரூம் ஹீட்டர் போதும் என்று கருத்து. பக்கத்து வீட்டு அம்மாவோ, "கரண்ட் கம்பளியில் படுத்தால் கேன்சர் வரும், கரிச்சட்டிதான் இயற்கையான சூடு" என்று பயமுறுத்தியிருக்கிறார். எதை வாங்குவது, அம்மா அதில் படுக்கலாமா என்பது கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

கம்பளிக்கு அப்புறம் வருகிறேன். இந்தப் பதிலைப் படிக்கிற ராத்திரியே நீங்கள் செய்ய வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

கரிச்சட்டியை வெளியே எடுங்கள்

நீங்கள் பயப்படுவது கம்பளியைப் பார்த்து, நம்புவது கரிச்சட்டியை. உங்கள் வீட்டில் இப்போதைக்கு உயிருக்கு ஆபத்தானது அந்தச் சட்டிதான். கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. புகை அடங்கிச் செக்கச் செவேலென்று கனியும்போது எல்லாரும் "இனி பயமில்லை" என்று உள்ளே எடுத்து வைக்கிறார்கள். புகை நின்றுவிட்டாலும் அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டாது, விழிப்பும் வராது. கொடைக்கானலில் குளிருக்காகவும் பார்பிக்யூ மிச்சத்தாலும் அறைக்குள் கரி நெருப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

உங்கள் அம்மாவின் காலைத் தலைவலியும் பையனின் வாந்தியும் எனக்குப் பனியால் வந்ததாகத் தோன்றவில்லை. ஒரே அறையில் தூங்கும் இரண்டு பேருக்கு, கரி வைத்த ராத்திரிக்கு மறுநாள் காலை தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே நடமாடியதும் சரியாகிவிடுகிறது என்றால், எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வாயுவைத்தான். குழந்தைகள் வேகமாக மூச்சுவிடுவதால் அவர்களைச் சீக்கிரம் பிடிக்கும்.

ஆக்ஸிமீட்டர் 98 காட்டியதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். விரலில் மாட்டும் அந்தச் சாதாரணக் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி நல்ல கணக்குச் சொல்லிவிடும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் தனி ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும். அதுவும் நல்ல காற்றுக்கு வந்து சில மணி நேரம் ஆகிவிட்டால் அளவு இறங்கிவிடும். எப்போதாவது காலையில் யாரையாவது எழுப்ப முடியாமல் போனால், கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே தூக்கி வந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். காப்பி போட்டுக் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஜன்னல் இடுக்கில் அடைத்த துணியையும் எடுத்துவிடுங்கள். வென்டிலேட்டரை மூடவே கூடாது.

அம்மாவின் கால் என்ன சொல்கிறது

செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். பல வருடச் சர்க்கரையால் பாத நரம்புகள் உணர்ச்சி இழப்பதன் அடையாளம் அது. விசித்திரம் என்னவென்றால், இப்படிப்பட்டவர்களுக்குக் கால் சில்லென்றோ எரிவது போலவோ உள்ளே தோன்றிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வரும் உண்மையான சூடு மட்டும் தெரியாது. அதனால் "இன்னும் சூடு போதவில்லை" என்று கூட்டிக்கொண்டே போவார்கள்.

தோல் வெந்துபோகக் கொதிக்கிற சூடு தேவையில்லை. 1947-லேயே அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். 60 டிகிரி செல்சியஸ் சூடு சில விநாடிகளில் தோலைச் சுடும். 44 டிகிரி என்றால், அதாவது கை வைத்தால் இதமாக இருக்கிற சூடு, ஒரே இடத்தில் சுமார் 6 மணி நேரம் பட்டால் போதும், புண்ணாகிவிடும். உணர்ச்சி உள்ளவர் தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொள்வார். உங்கள் அம்மாவின் காலுக்கு அந்தத் தகவலே போய்ச் சேராது. போன வருடக் கொப்புளம் பூச்சிக்கடி அல்ல, வெந்நீர்ப் பை சுட்டதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆக, வெந்நீர்ப் பையும் அவருக்குப் பாதுகாப்பானது இல்லை. அதை வைத்துப் படுக்கையைச் சூடாக்கலாம். அவர் படுக்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும்.

எதை வாங்குவதானாலும் அதற்கு முன் மூன்று பரிசோதனை செய்துவிடுங்கள். ஒன்று, பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் உணர்ச்சிப் பரிசோதனை. வலிக்காது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு, காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. ரத்தக் குழாய் அடைப்பினாலும் கால் சில்லிடும். அப்படிப்பட்ட காலுக்கு வெளியிலிருந்து சூடு வைத்தால், அந்தச் சூட்டைச் சமாளிக்கத் தேவையான ரத்தம் வராமல் புண்தான் வரும். மூன்று, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், கூடவே ஹீமோகுளோபின். சித்திரையிலும் ஸ்வெட்டர் போடுகிறவருக்குக் குளிர் வெளியில் மட்டும் இல்லை. தைராய்டு குறைவோ ரத்தசோகையோ இருந்தால் மாத்திரையிலேயே பாதிக் குளிர் போய்விடும், கம்பளி வாங்கும் செலவும் மிச்சமாகலாம்.

அப்படியானால் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அம்மாவைச் சூடாக்குவதற்கு அல்ல, அம்மாவின் படுக்கையைச் சூடாக்குவதற்கு. படுக்கப் போவதற்கு அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ முன்னால் போட்டுவிடுங்கள். படுக்கை கதகதப்பானதும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அப்புறம் அவரைப் படுக்கச் சொல்லுங்கள். மேலே போர்த்திக்கொள்ள நல்ல சாதாரணக் கம்பளி இரண்டு, காலில் இறுக்காத கம்பளிக் காலுறை. உள்ளே ஏறிய சூடு வெளியேற வழியில்லாததால் தூக்கம் வருகிற வரைக்கும் தாராளமாகத் தாங்கும். ராத்திரி முழுக்க மிகக் குறைந்த சூட்டில் ஓடவிடலாம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், உணர்ச்சி இழந்த காலுக்கு அந்த வாசகம் பொருந்தாது. கன்ட்ரோலர் உங்கள் கையில் இருக்க வேண்டும், அம்மாவின் தலையணை அடியில் அல்ல.

பேரன் விஷயம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இதைப் பயன்படுத்தவே கூடாது என்பது சர்வதேசப் பாதுகாப்புத் தரத்திலேயே உள்ள எச்சரிக்கை. உங்கள் பையன் 4 வயது என்றாலும் ராத்திரியில் ஒன்றுக்குப் போகிற வயதுதான். அணைத்துப் பிளக் பிடுங்கிய படுக்கையில் பாட்டியோடு படுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கம்பளியில் கூடாது. நனைந்துவிட்டால் முழுதாகக் காயும் வரை ஸ்விட்ச் போடாதீர்கள். மலைப் பனிக்காலத்தில் அது ஒரு நாளில் காயாது, பொறுமை வேண்டும்.

சர்க்கரை நோயாளி வீட்டில் யாரும் யோசிக்காத இன்னொன்றும் இருக்கிறது. இன்சுலின் போட்ட இடம் சூடானால் மருந்து வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே சூட்டில் படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். இறங்கினால் உடம்பு வேர்க்கும். நீங்களோ "கம்பளிச் சூட்டுக்கு வேர்க்கிறது" என்று போர்வையை விலக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவீர்கள். வேர்த்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஊசியை வயிற்றில் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் பேனாவைக் கம்பளிப் பக்கத்தில் வைக்காதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் சூடான படுக்கையிலிருந்து திடீரென்று எழுந்தால் தலை சுற்றும். பாத்ரூம் போவதற்கு முன் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரப் பழக்குங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

மெத்தைக்கு மேல் விரித்து, அதன் மேல் பெட்ஷீட் போட்டுப் படுக்கும் வகை ஒன்று. போர்த்திக்கொள்ளும் வகை இன்னொன்று. உங்களுக்கு முதல் வகை. நான்கு மூலையிலும் நாடாவோ எலாஸ்டிக்கோ வைத்து மெத்தையோடு கட்டுகிறபடி இருக்க வேண்டும். மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் சூடு தேங்கிக் கருகும். விரிக்கிற வகையைப் போர்த்திக்கொள்வதும் தவறு.

தானாக அணையும் டைமர் கட்டாயம். சூடு மிஞ்சினால் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு, கம்பியின் நீளம் முழுதும் இருப்பதாகச் சொல்லும் மாடல் நல்லது. கன்ட்ரோலர் தனியாகக் கழல வேண்டும், இல்லாவிட்டால் துவைக்க முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள், உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும். சிஇ என்ற ஐரோப்பியத் தரக் குறியை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், பெரும்பாலும் அது தயாரிப்பவர் தானே போட்டுக்கொள்வது. பேர் ஊர் இல்லாத சந்தைச் சரக்கு விலை குறைவென்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பழுதான பொருளால் காயம் ஏற்பட்டால் நஷ்டஈடு கேட்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வயரிங் என் துறை இல்லை. ஆனாலும் உங்கள் வீடு பழையது, இரண்டு ஓட்டை பிளக் பாயிண்டுதான் இருக்கிறது என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்: எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டுவிடுங்கள். கம்பளிக்கு மட்டுமல்ல, ஈரமான மலை வீட்டுக்கே அது தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மெத்தைக்கு அடியில் ஓட்டாதீர்கள்.

வாங்கியபின் ஊக்கு குத்தக் கூடாது. பூனை இருந்தால் ஏறவிடக் கூடாது. சீசன் முடிந்ததும் நன்றாக உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது கருகல், கம்பி துருத்தல், வயர் விரிசல் ஏதாவது தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், தைத்து ஓட்டாதீர்கள். பத்து வருடத்துக்கு மேல் ஒரே கம்பளியை வைத்திருக்க வேண்டாம் என்று இதை அதிகம் பயன்படுத்தும் பிரிட்டனில் தீயணைப்புத் துறையினரே சொல்கிறார்கள்.

தம்பி கொண்டுவரும் கம்பளி

வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மாற்றும் அடாப்டர் வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 120 வோல்ட்டில் 100 வாட் எடுக்கும் கம்பி 230 வோல்ட்டில் 360 வாட்டுக்கு மேல் இழுக்கும். மெத்தைக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கிற ஒன்று இப்படி மூன்றரை மடங்கு சூடானால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான். படுக்கை அருகே கெட்டுப்போக இன்னொரு பெட்டி எதற்கு? தம்பி நல்ல கம்பளிக் காலுறை கொண்டுவரட்டும்.

கேன்சர் பயம்

பக்கத்து வீட்டு அம்மா ஒன்றுமில்லாததைச் சொல்லவில்லை, பாதியைப் பெரிதாக்கிச் சொல்கிறார். மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியைச் சுற்றியும் மெல்லிய காந்தப்புலம் இருக்கும். 2002-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை '2பி', அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்ற பட்டியலில் சேர்த்தது. அதற்கு அடிப்படை, வீட்டில் இந்தக் காந்தப்புலம் அதிகமாக இருந்த குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள். எலக்ட்ரிக் கம்பளியில் படுத்தால் கேன்சர் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எப்படியும் நான் சொல்கிறபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்தால் மின்சாரமே இல்லை, காந்தப்புலமும் இல்லை.

அவர் "இயற்கையான சூடு" என்றாரே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள்ளேயே காங்கிரி என்னும் கரிக் கலயத்தை அணைத்துக்கொள்வார்கள். பல வருடம் அந்தச் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் வருவது மருத்துவ நூல்களில் 'காங்கிரி புற்றுநோய்' என்ற பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. சூடு எதிலிருந்து வந்தாலும், ஒரே இடத்தில் தினமும் பட்டால் தோல் முதலில் வலை போல் சிவந்து, பிறகு பழுப்பேறும். அம்மாவின் காலிலோ முதுகிலோ அப்படி வலை மாதிரி தழும்பு தெரிந்தால் சூட்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணவர் சொல்லும் ஹீட்டர்

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. கம்பளி அறையைச் சூடாக்காது. அம்மாவின் காலுக்கு எதுவும் நேராகப் படாது என்பதால், பணம் இருந்தால் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை ஹீட்டரைத்தான் கம்பளியைவிட முதலில் வாங்கச் சொல்வேன். செந்தணலாக எரியும் கம்பி ஹீட்டர் வேண்டாம், போர்வை நுனி பட்டால் போதும். ஆனால் 1,500 வாட் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். உங்கள் இரண்டு ஓட்டைப் பாயிண்டில் மாட்டினால் உருகிவிடும். கரண்ட் பில்லையும் பாருங்கள்: தினம் 4 மணி நேரம் ஓடினால் 6 யூனிட், இரண்டு மாத பில்லில் 360 யூனிட். 80 வாட் கம்பளியைத் தினம் ஒரு மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்கூட ஆகாது, பில்லில் தெரியவே தெரியாது. உங்கள் நிலையில் கம்பளியை வாங்கிவிட்டு, பொங்கல் சமயத்து மோசமான சில வாரங்களுக்கு மட்டும், 16 ஆம்பியர் பாயிண்ட் போட்ட பிறகு, ஹீட்டரைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் போடுவது கட்டுபடியாகும்.

தினமும் காலையில் அம்மாவின் பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் வலிக்கிறதா என்று அவரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அவருக்கு வலிக்காது. சுட்டது உடனே தெரிந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். அந்த நேரத்தில் மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.